பழைய ஸ்பிரேயர் இன்ஜினைப் பவர் வீடரில் ஏற்றுவது: முதல்முறை செய்பவர்களுக்கு

வாழைக்கு நடுவே ஓட்டிக்கொண்டிருந்த பவர் வீடரின் (களையைக் கொத்தி மண்ணைக் கிளறும் சிறு வண்டி) இன்ஜின் ஒருநாள் மதியம் 'கடக்'கென்று சத்தம் போட்டு நின்றது. கழற்றிப் பார்த்தால் கனெக்டிங் ராடு இரண்டாக உடைந்து, கிரேங்க் கேஸில் ஓட்டையே போட்டிருந்தது. ஆயில் பார்க்காமல் ஓட்டியது நான்தான், யாரைக் குறை சொல்ல? சட்டம், கியர் பாக்ஸ், சக்கரம், ரோட்டர் எல்லாம் நன்றாக இருந்தன. சாளையின் (தோட்டத்து வீட்டின்) மூலையில் மருந்தடிக்கும் எச்.டி.பி. செட் ஒன்று சில வருடங்களாகச் சும்மா கிடந்தது. அதன் இன்ஜினை எடுத்து இதில் ஏற்றினேன். இப்போதும் அதுதான் ஓடுகிறது.

வேலை கடினமில்லை. ஆனால் நின்ற இடத்தில் ஓடிப் பழகிய இன்ஜின் இது. அதை நடக்க வைத்தால் தூசி தின்னும், குலுங்கும், வரப்பேறும்போது சாயும். பலர் ரிப்பேரை ஒழுங்காகச் செய்துவிட்டு இந்த மூன்றையும் மறந்துவிடுகிறார்கள். நானும் ஒன்றை மறந்தேன், அதைப் பின்னால் சொல்கிறேன்.

எந்த இன்ஜின் ஆகும்?

முதலில் பார்க்க வேண்டியது குதிரைத் திறனை அல்ல, சாஃப்டை. காயலான் கடையில் ஒரே மாதிரி தெரியும் மூன்று இன்ஜின்களுக்கு மூன்று விதமான சாஃப்ட் இருக்கும். தண்ணீர் இறைக்கும் சிறிய பம்புசெட் பலவற்றில் இம்பெல்லரை நேராக சாஃப்டிலேயே மரையில் திருகியிருப்பார்கள். அதில் புல்லி மாட்ட வழியில்லை. ஜெனரேட்டரிலிருந்து கழற்றியது என்றால் சாஃப்ட் நுனி கூம்பிப் போயிருக்கும், அதுவும் ஆகாது. எச்.டி.பி. ஸ்பிரேயர் பெல்ட்டில் ஓடுவதால் அதன் இன்ஜினுக்கு நேரான சாஃப்டும், புல்லி வழுக்காமல் பிடிக்கும் சிறு இரும்புத் துண்டான கீ உட்காரும் காடியும் இருக்கும். நமக்கு வேண்டியது அதுதான்.

ஏறும் வண்டியும் பெல்ட் வண்டியாக இருப்பது நல்லது. இன்ஜினும் கியர் பாக்ஸும் நேரடியாக முகத்தோடு முகம் போல்ட் போட்ட வண்டிகளுக்கு சாஃப்ட் நீளம், கிளட்ச் தட்டு எல்லாம் அச்சாகப் பொருந்தியாக வேண்டும். முதல்முறை செய்பவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஹோண்டா ஜிஎக்ஸ்160, ஜிஎக்ஸ்200, அவற்றின் அச்சில் வரும் 168எஃப் வகை இன்ஜின்கள் நம் ஊரில் எங்கும் கிடைக்கின்றன. அடித்தளத்து நான்கு துளைகளின் இடைவெளி இவற்றில் 162 மி.மீ.க்கு 75.5 மி.மீ. வண்டியில் முன்பிருந்த இன்ஜினும் இதே இனம் என்றால் வெல்டிங் வேலையே இல்லாமல் நேராக உட்கார்ந்துவிடும். இருந்தாலும் அளவு நாடா வைத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். கீழே நான் சொல்லும் அளவுகள் ஜிஎக்ஸ்160-க்கு உரியவை. 163 சிசி, போர் 68 மி.மீ., ஸ்ட்ரோக் 45 மி.மீ. உங்களுடையது வேறு இனம் என்றால் அதற்குரிய அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுற்றும் திசையையும் பாருங்கள். சாஃப்டை நேருக்கு நேர் பார்த்தால் இந்த இன்ஜின்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். பழைய இன்ஜின்கள் சிலவற்றில் வெளிவரும் சாஃப்ட் கேம் பக்கத்தைச் சேர்ந்தது. வேகமும் பாதிதான், திசையும் எதிர். இது தெரியாமல் பல வருடம் முன்பு ஒரு மண்ணெண்ணெய் இன்ஜினை ஏற்றி முதல் கியர் போட்டேன். வண்டி முன்னால் போகாமல் என் காலைப் பார்த்து வந்தது. லீவரை விட்டதால் தப்பித்தேன். பெல்ட் மாட்டும் முன் கயிற்றை மெல்ல இழுத்து சாஃப்ட் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்.

ஓடுமா, ஓடாதா?

ஒரு ஸ்பேனர் எடுக்கும் முன் கழுவுங்கள். மருந்தடித்த இன்ஜினில் ரசாயனம் உறைந்து கிடக்கும், கையுறை போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் காயவிடுங்கள். பிறகு கயிறு ஸ்டார்ட்டரையும் விசிறி மூடியையும் கழற்றுங்கள். என் இன்ஜினில் எலி தேங்காய் நாரைக் கொண்டுவந்து சிலிண்டர் தகடுகளுக்கு நடுவே மெத்தை போட்டு வைத்திருந்தது. சைலன்சர் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. இது எதையும் பார்க்காமல் ஸ்டார்ட் செய்திருந்தால் பத்து நிமிடத்தில் சூடேறிப் பிடித்திருக்கும்.

அடுத்து கயிற்றை இழுத்துப் பாருங்கள். அசையவே இல்லையென்றால் கயிற்றோடு மல்லுக்கட்டாதீர்கள். பிளக்கைக் கழற்றி, துளை வழியாக இரண்டு மூன்று ஸ்பூன் ஆயிலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி ஓர் இரவு விடுங்கள். மறுநாள் விசிறி மூடிக்குள் இருக்கும் மேக்னெட் வீலைக் கையால் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும்.

அசைகிறது என்றால் பிளக்கை மாட்டிக் கயிற்றை மெதுவாக இழுங்கள். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஓரிடத்தில் கை கனக்க வேண்டும். இந்த இன்ஜின்களில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் கம்ப்ரஷனைக் கொஞ்சம் தளர்த்திவிடும் அமைப்பு கேம் சாஃப்டிலேயே இருப்பதால் மோட்டார் சைக்கிள் போலக் கெட்டியாக இருக்காது. எதிர்ப்பே இல்லாமல் வழவழவென்று வந்தால் காதைக் கிட்டே வையுங்கள். காற்று கார்புரேட்டர் பக்கம் சீறினால் இன்லெட் வால்வு, சைலன்சர் பக்கம் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் மூடித் துளையில் புஸ்ஸென்றால் பிஸ்டன் ரிங். பிளக் துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டதும் கம்ப்ரஷன் ஏறினால் ரிங் தேய்ந்திருப்பது உறுதி.

வால்வு பிரச்சினையை வீட்டிலேயே சரிசெய்யலாம். ஹெட்டைக் கழற்றி, கிரைண்டிங் பேஸ்ட் தடவி, வால்வை அதன் சீட்டில் வைத்துச் சுற்றித் தேய்த்தால் ஒரு மணி நேர வேலை. ஹெட் பேக்கிங் புதிது போடுங்கள். ரிங் என்றால் பழைய ரிங்கை சிலிண்டருக்குள் நேராக இறக்கி, அதன் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் (சந்து அளக்கும் மெல்லிய தகடுகள்) அளந்து பாருங்கள். 1 மி.மீ.க்கு மேல் போனால் அந்த ரிங் முடிந்தது. போர் சுவரில் நகத்தில் தட்டுப்படும் கோடுகள் இருந்தால் ரீபோர் செய்து பெரிய பிஸ்டன் போட வேண்டும். இந்த இடத்தில் கணக்குப் போடுங்கள். மொத்தச் செலவு புது இன்ஜின் விலையில் பாதியைத் தாண்டினால் நான் விட்டுவிடுவேன்.

இனி ஸ்பார்க். புது பிளக் வாங்குங்கள், இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. பிளக்கை மூடியில் மாட்டி, அதன் உலோக உடம்பை இன்ஜினில் தொட வைத்து, பிளக் துளையிலிருந்து விலக்கிப் பிடித்துக் கயிற்றை இழுத்தால் நீல நிறத்தில் சொடுக்க வேண்டும். வரவில்லையா? உடனே காயில் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். இந்த இன்ஜின்கள் பலவற்றில் ஆயில் குறைந்தால் ஸ்பார்க்கை நிறுத்தும் சென்சார் உண்டு. சமதளத்தில் வைத்து ஆயில் மூடியின் மரை விளிம்பு வரை ஆயில் நிரப்பிவிட்டு மறுபடி இழுங்கள். அப்போதும் இல்லையென்றால் சென்சாரின் மஞ்சள் ஒயரையும் சுவிட்ச் ஒயரையும் கழற்றிவிட்டுப் பாருங்கள். நல்ல காயிலைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிது வாங்கியவர்களை எனக்குத் தெரியும். குற்றவாளி அந்த மஞ்சள் ஒயர்தான்.

மேக்னெட் வீலில் துரு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்துத் துடையுங்கள். காயிலுக்கும் வீலுக்கும் நடுவே 0.4 மி.மீ. இடைவெளி. ஃபீலர் கேஜ் கையில் இல்லையென்றால் கெட்டியான விசிட்டிங் கார்டு ஒன்றைச் செருகி, காயிலைக் காந்தம் இழுத்துக்கொள்ள விட்டு, போல்ட்டை இறுக்கிவிட்டுக் கார்டை உருவலாம்.

கார்புரேட்டர்

நீண்ட நாள் கிடந்த இன்ஜின் ஓடாததற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் சேர்கிறது. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் கிண்ணத்தில் நின்றால் தண்ணீர் பிரிந்து துரு பிடிக்கும். பெட்ரோல் வற்றினால் அடியில் வார்னிஷ் மாதிரி ஒரு பசை தங்கும். மோந்து பாருங்கள், புளித்த வாடை அடிக்கும்.

டேங்கைக் காலி செய்து அலசுங்கள். கார்புரேட்டருக்கு அடியில் உள்ள 10 மி.மீ. போல்ட்டைக் கழற்றினால் கிண்ணம் கீழே வரும். ஃப்ளோட்டின் ஊசி போன்ற வால்வு கையில் விழும், தொலைத்துவிடாதீர்கள். நடுத் தூணில் மெயின் ஜெட் திருகப்பட்டிருக்கும். பித்தளையில் ஆனதால் காடிக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவர் போடுங்கள், இல்லாவிட்டால் தலை வழுக்கிவிடும். ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்தால் நடுவே வட்டமாக ஒரு புள்ளி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பழைய ஒயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை உருவிக் குத்துங்கள். தையல் ஊசியோ குண்டூசியோ வேண்டாம். துளை ஒரு இழை பெரிதானாலும் இன்ஜின் கரும்புகை கக்கும், பெட்ரோல் குடிக்கும். மேலே பக்கவாட்டில் உள்ள சின்ன பைலட் ஜெட்டை மறப்பவர்கள்தான் அதிகம். அது அடைத்திருந்தால் சோக்கைத் திறந்ததும் இன்ஜின் நின்றுவிடும்.

இது நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின். பெட்ரோலில் ஆயில் கலக்கக் கூடாது.

டேப்பெட், ஆயில்

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஹெட் மூடியைத் திறந்து, கயிற்றை மெல்ல இழுத்துக்கொண்டே இன்லெட் வால்வைக் கவனியுங்கள். அது இறங்கி ஏறிய பிறகு பிஸ்டன் மேலே வந்து நிற்கும் இடத்தில் இரண்டு ராக்கரும் லேசாக ஆடும். அங்கே நிறுத்தி, ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே டேப்பெட் இடைவெளியை இன்லெட்டுக்கு 0.15 மி.மீ., எக்ஸாஸ்ட்டுக்கு 0.20 மி.மீ. வையுங்கள். கேஜ் லேசாகப் பிடித்துக்கொண்டே உருவ வேண்டும்.

ஆயில் 0.6 லிட்டர். 10டபிள்யூ-30 போடுங்கள். நம் வெயிலுக்கு எஸ்ஏஇ 30-ம் ஆகும். பழைய ஆயிலை வடிக்கும்போது வெள்ளைத் துணியில் ஒரு கரண்டி ஊற்றி வெயிலில் பாருங்கள். கறுப்பாக இருப்பதில் பயமில்லை. மினுமினுவென்று உலோகத் தூள் தெரிந்தால் உள்ளே ஏதோ தேய்ந்துகொண்டிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் ஏற்றாதீர்கள்.

புல்லியும் பெல்ட்டும்

என் இன்ஜினுக்குப் புல்லி கடைய லேத் பட்டறைக்குப் போனேன். "சாப்டு முக்கால் இஞ்சுங்களா, இருபது எம்எம்முங்களா?" என்று லேத்காரர் கேட்டார். "இருபதுன்னே போட்டுருங்க" என்றேன், பெரிய ஆள் மாதிரி. அவர் பதில் பேசாமல் இன்ஜினை வண்டியிலிருந்து இறக்கச் சொல்லி வெர்னியர் வைத்தார். "பத்தொம்பது பாயிண்ட் சுழி அஞ்சு. முக்கால் இஞ்சுங்க இது. இருபதுல தொளை போட்டா நாளைக்கே கீயத் தின்னுரும்." ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத வித்தியாசம்தான். ஆனால் புல்லி ஆட ஆரம்பித்தால் கீ வெட்டும், காடி அகலமாகும், கடைசியில் கிரேங்கையே மாற்ற வேண்டி வரும். சாஃப்ட் அளவைக் கண்ணால் சொல்ல முடியாது, அளந்துதான் ஆக வேண்டும்.

புல்லியின் பெரிதுசிறிது ஏன் முக்கியம் என்றால், இந்த இன்ஜினின் முழு வேகம் நிமிடத்துக்கு 3600 சுற்று. ஸ்பிரேயரில் இருந்த புல்லியை அப்படியே கொண்டுவராதீர்கள். அது பம்புக்குப் போட்ட கணக்கு. கியர் பாக்ஸின் புல்லியைக் கையால் சுற்றி, ரோட்டர் ஒரு முழுச் சுற்று வர எத்தனை முறை சுற்ற வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டுக்கொண்டால் எண்ணுவது சுலபம். என் வண்டியில் 15 வந்தது. முதல் கியரில் சக்கரத்துக்கு 45. இன்ஜினில் 3 அங்குலப் புல்லி, கியர் பாக்ஸில் 6 அங்குலம் என்றால் 3600 என்பது 1800 ஆகும். ரோட்டருக்கு 120 சுற்று, சக்கரத்துக்கு 40. சக்கரம் 40 செ.மீ. விட்டம் என்பதால் சுற்றுக்கு ஏறக்குறைய 1.25 மீட்டர், நிமிடத்துக்கு 50 மீட்டர், மணிக்கு 3 கிலோமீட்டர். பின்னால் நடப்பவருக்கு மூச்சு வாங்காத வேகம். இதைவிடப் பெரிய புல்லியை இன்ஜினில் மாட்டினால் வண்டி ஓடும், நீங்களும் பின்னால் ஓட வேண்டியதுதான்.

வேகம் போதவில்லை என்று, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டும் பழக்கம் சிலருக்கு உண்டு. இந்த இன்ஜின்களின் கனெக்டிங் ராடு அலுமினியம். அதிவேகத்தில் அது என்ன செய்யும் என்பதை என் பழைய கிரேங்க் கேஸில் உள்ள ஓட்டை வழியாகப் பார்த்துக்கொள்ளலாம். அது ஆயில் இல்லாமல் உடைந்தது, வேகத்தில் உடைந்தாலும் ஓட்டை அதேதான்.

இன்ஜினை ஏற்றி, போல்ட்டை முழுக்க இறுக்காமல், இரண்டு புல்லியின் முகத்தையும் தொடும்படி ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் நான்கு இடத்திலும் படிந்தால் நேர்கோடு. ஒரு பக்கம் விலகினால் இன்ஜினை நகர்த்திச் சரிசெய்யுங்கள். கோணலாக ஓடும் பெல்ட் ஓரத்திலிருந்து நூல் நூலாகப் பிரிந்து ஒரு வாரத்தில் போய்விடும்.

இந்த வண்டிகளில் கிளட்ச் என்பது பெல்ட்டை அழுத்தும் ஐட்லர் புல்லிதான். லீவரைப் பிடித்தால் ஐட்லர் அழுத்தும், வண்டி நகரும். விட்டால் பெல்ட் தொய்ந்துவிடும். லீவரைக் கயிற்றால் கட்டி வைக்கவே கூடாது. கை விட்டதும் வண்டி நிற்பதுதான் உங்கள் உயிர்க்காப்பு. லீவர் பிடித்த நிலையில் பெல்ட் நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் ஒரு செ.மீ. அளவுக்குத் தாழ வேண்டும்.

லீவரை விட்ட பிறகும் வண்டி மெல்ல ஊர்ந்துகொண்டே இருந்தால், இன்ஜின் புல்லியைச் சுற்றி பெல்ட்டை விலக்கி நிறுத்தும் கம்பி இல்லை என்று அர்த்தம். எட்டு மி.மீ. கம்பியை வளைத்து, பெல்ட் இறுகியிருக்கும்போது அதிலிருந்து 3 அல்லது 4 மி.மீ. தள்ளி நிற்கும்படி சட்டத்தில் பற்றவையுங்கள். பற்றவைக்கும் முன் இன்ஜினையும் டேங்கையும் கழற்றித் தள்ளி வைத்துவிடுங்கள். எல்லாம் முடிந்ததும் பெல்ட்டுக்குத் தகர மூடி போடாமல் ஓட்டாதீர்கள், வேட்டி கட்டி ஓட்டுபவர்கள் இரண்டு மடங்கு கவனமாக இருங்கள்.

குலுங்குவதால் சாதாரண நட் தானாகக் கழன்றுவிடும். நான்கு அடித்தள போல்ட்டுக்கும் நைலான் வளையம் உள்ள நட் போடுங்கள். பெட்ரோல் குழாயின் இரண்டு முனையிலும் கிளிப் அவசியம்.

நான் மறந்தது

தூசி. ஸ்பிரேயரில் இருந்த சாதாரண ஸ்பான்ஜ் ஃபில்டரையே விட்டுவைத்தேன். முதல்நாள் ஓட்டிவிட்டு, ஏதோ தோன்றி, ஃபில்டரைக் கழற்றி கார்புரேட்டர் வாய்க்குள் விரல் விட்டுத் தடவினேன். விரல் நுனி செம்மண் நிறத்தில் வந்தது. ஃபில்டருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே இருக்க வேண்டிய பேக்கிங் மட்கிப் போயிருந்தது, அந்தச் சந்து வழியாகத்தான் மண் போயிருக்கிறது. இரண்டு நாள் அப்படியே ஓட்டியிருந்தால் பிஸ்டனை உப்புத்தாளால் தேய்த்த கணக்காகியிருக்கும்.

ஆயில் கிண்ணம் உள்ள ஃபில்டர் இதே இன்ஜின்களுக்குக் கிடைக்கிறது, அதை மாட்டுங்கள். பேக்கிங் புதிது போடுங்கள். புழுதியில் ஓட்டும் நாளில் வேலை முடிந்ததும் திறந்து பார்த்து, கிண்ணத்தில் சேறு தங்கியிருந்தால் ஆயிலை மாற்றுங்கள். விரல் விட்டுத் தடவிப் பார்ப்பதை நான் இன்றும் விடவில்லை.

சாய்வு பற்றி ஒன்று. இந்த இன்ஜின்கள் 20 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது. வரப்பேறும்போது இன்ஜின் திடீரென்று நின்று, சமதளத்துக்கு வந்ததும் ஒழுங்காக ஸ்டார்ட் ஆனால் கோளாறு எதுவும் இல்லை. ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கியதால் சென்சார் நிறுத்தியிருக்கிறது. முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். சலித்துப்போய் சென்சார் ஒயரைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள்.

முதல் ஓட்டம்

வெட்டவெளியில் ஸ்டார்ட் செய்யுங்கள், சாளைக்குள் வேண்டாம், புகை ஆளைக் கொல்லும். பெல்ட் இல்லாமல் பத்து நிமிடம் மிதமான வேகத்தில் ஓடட்டும். தொடக்கத்தில் கொஞ்சம் வெண்புகை வருவது நீங்கள் உள்ளே ஊற்றிய ஆயில்தான். நீலப் புகை நிற்காமல் வந்தால் ரிங்கைப் பற்றி மறுபடி யோசியுங்கள்.

மண் பதமாக இருக்கும் நாளாகப் பாருங்கள். ஒரு பிடி மண்ணை உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் உதிர வேண்டும். சப்பென்று ஒட்டினால் ஈரம் அதிகம், ரோட்டரைச் சுற்றிக்கொள்ளும். முதல் சாலில் இரண்டு அங்குல ஆழம் போதும். ரோட்டரில் கொடியோ வாழைநாரோ சிக்கினால், இன்ஜினை நிறுத்துவது மட்டும் போதாது, பிளக் மூடியைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

ஐந்து மணி நேரம் ஓடியதும் எல்லா போல்ட்டையும் ஒரு சுற்று இறுக்கிப் பாருங்கள். பெல்ட் புதிதென்றால் நீண்டிருக்கும், ஐட்லர் கேபிளைச் சரிசெய்யுங்கள். 20 மணி நேரத்தில் ஆயிலை மாற்றி மறுபடி வெள்ளைத் துணியில் பாருங்கள். அதன் பிறகு 100 மணிக்கு ஒருமுறை போதும், புழுதி அதிகம் என்றால் நான் ஐம்பதிலேயே மாற்றிவிடுவேன்.

மழைக்காலத்தில் வண்டி ஒரு மாதத்துக்கு மேல் நிற்கும் என்றால் டேங்கை வடித்துவிட்டு, கார்புரேட்டர் கிண்ணத்தின் வடிகால் திருகையும் திறந்து காலி செய்யுங்கள். பிறகு கயிற்றை மெதுவாக இழுத்து, கை கனக்கும் இடத்தில் நிறுத்தி விட்டுவிடுங்கள். அந்த இடத்தில் இரண்டு வால்வும் மூடியிருக்கும், சிலிண்டருக்குள் ஈரம் போகாது. சைலன்சர் வாயை ஒரு துணியால் அடைத்து, ஸ்டார்ட் செய்யும் முன் எடுக்க மறக்காமல் இருக்க அதன் நுனியைக் கைப்பிடியில் கட்டி வையுங்கள். குளவிக்குப் பத்து நாள் போதும்.